கூட்டத்தில் விடலாமா, ஹாஸ்டலில் விடலாமா?

அத்தியாயம் 7

நாமக்கல்லில் இருந்து மோகனூர் போகும் சாலையில், லத்துவாடியில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. காலையில் அங்கே ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் இந்தச் சமவெளியில் யார் வீட்டில் என்ன வளர்கிறது என்று தெரிந்துவிடும். குட்டியானை வண்டியில் நிற்கும் சினைமாடு, சாக்குக்குள் இருந்து தலை நீட்டும் நாட்டுக்கோழி, துண்டில் சுற்றிய வெள்ளாட்டுக் குட்டி. 1985இல் கல்லூரி தொடங்கியபோது வரிசை பெரும்பாலும் இப்படித்தான் இருந்திருக்கும். இன்று அதே வரிசையில் லாப்ரடாரும் ஷிட்சுவும் சப்பை மூக்குப் பக் நாயும் நிற்கின்றன.

ஒரு நாள் எனக்கு முன்னால் நின்ற அம்மா டாக்டரிடம் கேட்டார். "ஏனுங்க டாக்டரு, பையனும் மருமவளும் வேலைக்குப் போயிர்றாங்க. நாயி ஒத்தையில கெடந்து ஊளை உடுது. ஹாஸ்டல்ல உட்டா நாலு நாயோட சேந்து சரியாப் போயிருமுங்களா?"

டாக்டர் ஊசியைப் போட்டுக்கொண்டே திருப்பிக் கேட்டார். "நாலு நாய் வேணுங்கறது அதுக்குங்களா, உங்களுக்குங்களாம்மா?"

அந்தக் கேள்விதான் இந்த அத்தியாயம். என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெரும்பாலான வீட்டு நாய்களுக்குக் கூட்டம் தேவையில்லை. பழகிய ஒன்றிரண்டு நாய், நிதானமான நடை, வழியில் மோந்து பார்க்க நேரம், இவை போதும். ஹாஸ்டலும் டே கேரும் முதலில் மனிதனின் வசதிக்கானவை. அதில் தப்பில்லை. கல்யாணம், காது குத்து, பிரசவம், ஆஸ்பத்திரி என்று நமக்கும் ஆயிரம் இருக்கிறது. ஆனால் நாயின் நன்மைக்காக விடுகிறோம் என்று நம்மை நாமே ஏமாற்றிக்கொண்டால், பார்க்க வேண்டியதைப் பார்க்காமல் விட்டுவிடுவோம்.

நம் ஊரில் பூங்கா எது

நாயை அவிழ்த்துவிடுவதற்கென்றே வேலி போட்ட பூங்கா புதிய ஏற்பாடுதான். அமெரிக்காவின் பெர்க்லி நகரில் 1979இல் திறந்த ஓலோனி பூங்காவைத்தான் அங்கே முதலாவது என்று சொல்வார்கள். நமக்குப் பக்கத்தில் என்றால், ஐதராபாத் மாநகராட்சி 2018இல் கொண்டாப்பூரில் 1.3 ஏக்கரில் ஒன்று அமைத்தது. செலவு ஒரு கோடி ரூபாய்க்கு மேல். அந்தப் பணத்தில் நீச்சல் தொட்டி முதல் பலதும் வந்தன. எனக்கு அதில் முக்கியமாகப் படுவது, பெரிய நாய்க்கும் சின்ன நாய்க்கும் இடத்தைப் பிரித்ததுதான். மற்றதெல்லாம் மனிதர்கள் போட்டோ எடுத்துக்கொள்ள.

சேலம், நாமக்கல் பக்கம் நம் நாய்கள் உண்மையில் ஓடும் "பூங்கா" வேறு. விற்காமல் கிடக்கும் காலி மனை, ஏரிக்கரை, லே-அவுட்டில் பூங்காவுக்கென்று விட்டுப் புதர் மண்டிய இடம். இவற்றுக்கு வேலி கிடையாது. பக்கத்திலேயே லாரி போகும். பாட்டில் சில்லு கிடக்கும். முக்கியமாக, அந்த இடத்துக்கு ஏற்கெனவே சொந்தக்காரர்கள் உண்டு. அந்தத் தெருவின் நாய்கள். நம் நாய் அங்கே போய் நின்றால் அது விருந்தாளி இல்லை, எல்லை தாண்டி வந்த ஆள்.

தெருநாய்களை எல்லாம் பிடித்துப் போய்விடுவார்கள் என்று காத்திருக்கவும் வேண்டாம். 2025 ஆகஸ்ட் 22இல் உச்ச நீதிமன்றம், வெறிநோய் கண்டவையும் மூர்க்கமானவையும் தவிர மற்றவற்றைக் கருத்தடை செய்து, தடுப்பூசி போட்டு, பிடித்த இடத்திலேயே விடச் சொன்னது. அதே ஆண்டு நவம்பரில் பள்ளி, மருத்துவமனை, விளையாட்டு மைதானம், பேருந்து நிலையம் போன்ற வளாகங்களில் இருந்து மட்டும் அகற்றச் சொன்னது. நீங்கள் நடக்கும் தெருவில் அவை இருக்கத்தான் செய்யும். அவற்றைக் கடந்து போகப் பழகிக்கொள்ளுங்கள். ஓடாதீர்கள், கயிற்றை இழுத்து இறுக்காதீர்கள், நாயை உங்கள் மறுபக்கம் மாற்றிக்கொண்டு அரைவட்டமாக விலகி நடங்கள். சட்டைப் பையில் நாலு பிஸ்கட் இருந்தால் தூரமாக வீசிவிட்டு நகரலாம். கல்லைத் தூக்கினால் அன்றைக்கு ஓடும். மறுநாள் உங்களை ஞாபகம் வைத்திருக்கும்.

ஏரிக்கரையைப் பற்றி ஒரு வார்த்தை. கன்னங்குறிச்சி மூக்கனேரியை 2010 வாக்கில் சேலத்து மக்கள் கூடித் தூர்வாரி, நடுவில் திட்டு திட்டாக மண் மேடு எழுப்பி மரம் நட்டார்கள். இன்று அது பறவைகளின் இடம். அங்கே நாயை அவிழ்த்துவிடுவது பறவைக்கும் நல்லதில்லை, தேங்கிய தண்ணீரைக் குடிக்கும் நாய்க்கும் நல்லதில்லை. கயிற்றோடு கரையில் நடங்கள், போதும்.

கயிற்றை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், 2024 மே 5ஆம் தேதி சென்னை ஆயிரம் விளக்கு மாடல் ஸ்கூல் சாலையில், மாநகராட்சிப் பூங்காவுக்குள் 2 ராட்வீலர்கள் 5 வயதுச் சிறுமியைக் குதறின. காவலாளியின் மகள், பூங்காவிலேயே குடியிருந்த குழந்தை. கயிறு கையில் இருந்திருந்தால் அது செய்தியே ஆகியிருக்காது. சட்டமும் இதைச் சும்மா விடுவதில்லை. தன் வளர்ப்பு விலங்கால் மனித உயிருக்கு ஆபத்தோ பெருங்காயமோ வராமல் பார்த்துக்கொள்ளத் தவறினால், பாரதிய நியாய சன்ஹிதா 291ஆம் பிரிவின்படி 6 மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். "எங்க டைகர் ஒண்ணும் பண்ணாதுங்க" என்பது வழக்கில் சாட்சி ஆகாது.

எந்த நாய்க்கு ஒத்துவரும்

எல்லாக் குழந்தையும் திருவிழாவை ரசிப்பதில்லை. நாயும் அப்படித்தான். ஒரு வயதுக்குள் இருக்கும்போது எதைப் பார்த்தாலும் விளையாட ஓடும். ஒன்றரை, இரண்டு வயதில் முழு நாயாக ஆகும்போது குணம் மாறும். முன்பின் தெரியாத நாயைப் பிடிக்காமல் போகும். "குட்டியா இருந்தப்ப எல்லார்கூடவும் ஆடுச்சு, இப்ப ஏன் உறுமுது?" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். ஒன்றும் கெட்டுவிடவில்லை. உங்களுக்கும் இருபது வயதில் இருந்த நண்பர் கூட்டம் நாற்பதில் இல்லை.

நம் நாட்டு இனங்களை வளர்ப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். சிப்பிப்பாறையும் கன்னியும் கண்ணால் கண்டு துரத்தும் வேட்டை நாய்கள். முயலைத் துரத்திப் பிடிக்கவே தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்தவை. வெள்ளையாக ஒரு பொமரேனியன் குறுக்கே துள்ளி ஓடினால், அது நாயா முயலா என்று யோசிக்க அவற்றுக்கு நேரம் இருக்காது. ராஜபாளையம் காவலுக்கு வளர்ந்த இனம். அந்நியரை நம்பாததே அதன் லட்சணம். அதைக் கூட்டத்தில் விட்டுவிட்டு, சந்தேகப்படாதே என்று சொல்வது, தறிக்காரரைத் தறி ஓட்டாதே என்று சொல்வது போல.

கருத்தடை செய்யாத பெண் நாய் பருவத்துக்கு வந்தால் ஏறக்குறைய 3 வாரம் எந்தக் கூட்டமும் வேண்டாம். காலி மனையில் 5 நிமிடம் போதும், சினையாகிவிடும். அதைவிட மோசம், தெருநாய்களிடையே இனச்சேர்க்கையாலும் நக்குவதாலும் மோப்பத்தாலும் பரவும் ஒரு கட்டி நோய் உண்டு. பிறப்புறுப்பில் பூக்கோசு போலச் சதை வளர்ந்து ரத்தம் சொட்டும். புற்றுநோய்தான், ஆனால் ஒட்டிக்கொள்ளும் வகை. வாரம் ஒரு ஊசியாகப் போட்டால் பெரும்பாலும் குணமாகிவிடும். வெட்கப்பட்டு மறைத்து வைக்காமல் சீக்கிரம் காட்டுங்கள்.

வயதானது, இடுப்பு வலி உள்ளது, காது கேட்காதது, பயந்த சுபாவம் உள்ளது, சாப்பாட்டுத் தட்டுக்கும் பந்துக்கும் சண்டை போடுவது: இவற்றைக் கூட்டத்தில் விடாதீர்கள். "பழகினா பயம் போயிரும்" என்று தூக்கி நடுவில் போடுவார்கள். பயம் போகாது, பயந்தால் கடிக்கலாம் என்பதை மட்டும் அது கற்றுக்கொள்ளும்.

குட்டிக்கு வரும் இரட்டைச் சிக்கல்

குட்டி வாங்கியவர்கள் இந்தப் பகுதியை இரண்டு முறை படிக்க வேண்டும்.

ஒரு குட்டி உலகத்தோடு பழகும் வயது சுமார் 3 வாரத்தில் தொடங்கி 12, 14 வாரத்துக்குள் முடிகிறது. அமெரிக்காவின் பார் ஹார்பரில் ஸ்காட், ஃபுல்லர் என்ற இரண்டு விஞ்ஞானிகள் பல வருடம் குட்டிகளை வளர்த்துப் பார்த்து 1965இல் நூலாக எழுதிய விஷயம் இது. அந்த வயதுக்குள் பார்த்த மனிதர்கள், கேட்ட சத்தம், மிதித்த தரை எல்லாம் "சாதாரணம்" என்று மனதில் பதியும். பிறகு பார்ப்பதெல்லாம் சந்தேகத்துக்கு உரியது.

மறுபக்கம் தடுப்பூசி. 6 முதல் 8 வாரத்தில் முதல் ஊசி போட்டு, 3, 4 வார இடைவெளியில் தொடர்ந்து, 16 வாரம் ஆனால்தான் பார்வோவுக்கு எதிரான பாதுகாப்பை முழுதாக நம்பலாம். பார்வோ 1978இல் தலைகாட்டி உலகம் முழுக்கப் பரவிய வைரஸ். ரத்தக் கழிச்சலும் வாந்தியுமாகக் குட்டியை 3 நாளில் சுருட்டிவிடும். செத்த குட்டி கிடந்த மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். ஆக, வெளியே காட்ட வேண்டிய வயதும், வெளியே விடக்கூடாத வயதும் ஒன்றாகவே இருக்கின்றன.

இதற்கு வழி இருக்கிறது. குட்டியை வெளியே கொண்டுபோங்கள், தரையில் விடாதீர்கள். காய்கறிக் கூடையில் துணி விரித்து உட்கார வைத்து, சேலம் ஐந்து ரோட்டில் கால்மணி நேரம் நில்லுங்கள். நாமக்கல்காரர்கள் லாரி பாடி கட்டும் பட்டறைத் தெருவில் தள்ளி நின்று சம்மட்டிச் சத்தம் கேட்க வையுங்கள். அம்மாபேட்டை, குகை பக்கம் தறிச் சத்தம் இலவசம். மாரியம்மன் பண்டிகைக்கு மேளம் வரும்போது தூரத்தில் இருந்து ஒரு முறை. ஹெல்மெட் போட்டவர், தாடி வைத்தவர், குடை பிடித்தவர், பள்ளிச் சீருடைப் பிள்ளைகள், எல்லோரையும் பார்க்கட்டும். பயந்து நடுங்கினால் இன்னும் தள்ளி நில்லுங்கள். பழகட்டும் என்று பக்கத்தில் கொண்டுபோகாதீர்கள். ஊசி புத்தகம் சரியாக இருக்கும், சாதுவான பெரிய நாய் உள்ள சொந்தக்காரர் வீட்டுக்குப் போய் அந்த வாசலில் மட்டும் தரையில் விடலாம். நாய்களின் நடத்தையை ஆராயும் அமெரிக்கக் கால்நடை மருத்துவர் சங்கம், முதல் ஊசி போட்டு ஒரு வாரம் ஆன குட்டிகளைச் சுத்தமான இடத்தில் நடக்கும் குட்டி வகுப்பில் சேர்க்கலாம் என்றே சொல்கிறது. காலி மனை அந்தச் சுத்தமான இடம் இல்லை. இருபது நாய் புழங்கும் டே கேர் தரையும் இல்லை. 16 வாரத்துக்கு முன் குட்டியை டே கேருக்கு வாங்க என்று அழைப்பவரிடம் பெரிய நாயையும் விடாதீர்கள்.

விளையாட்டா, வம்பா

நாலைந்து பேர் பேசிவைத்துக்கொண்டு, சுற்றுச்சுவர் உள்ள மனையில் காலையில் நாய்களை விடுவது இப்போது பெருகி வருகிறது. நல்ல ஏற்பாடு, ஆட்கள் போனைப் பார்க்காமல் நாயைப் பார்க்கும் வரை.

விளையாடக் கூப்பிடும் நாய் முன்னங்காலை நீட்டி, நெஞ்சைத் தாழ்த்தி, பின்புறத்தைத் தூக்கி நிற்கும். உடம்பு முழுக்க நெளியும். துரத்துவதும் துரத்தப்படுவதும் மாறி மாறி நடக்கும். நடுவில் நின்று உதறிக்கொள்ளும், தண்ணீர் குடிக்கும், திரும்ப வரும். இது நல்லது.

ஒரே நாயை ஒரே நாய் துரத்திக்கொண்டே இருந்தால், கீழே கிடக்கும் நாய் வாலைக் காலுக்குள் சொருகினால், உதட்டை நக்கினால், தலையைத் திருப்பிக்கொண்டு கண்ணின் வெள்ளையைக் காட்டினால், உங்கள் காலுக்குப் பின்னால் ஒளிந்தால், அது விளையாட்டு இல்லை. சந்தேகம் இருந்தால் ஒரு சோதனை. துரத்துகிற நாயைப் பிடித்துக்கொள்ளுங்கள். மற்றது அதைத் தேடித் திரும்ப வந்தால் விளையாட்டு. விட்டது தொல்லை என்று விலகிப் போனால், அத்தோடு வீட்டுக்குக் கிளம்புங்கள்.

பந்து, எலும்பு, பிஸ்கட் பை எதையும் கூட்டத்துக்குள் கொண்டுபோகக் கூடாது. பாதிச் சண்டை அதற்குத்தான்.

சண்டை மூண்டால் கழுத்துப் பட்டையைப் பிடிக்கக் கையை நடுவில் விடாதீர்கள். உங்கள் நாயே உங்களைக் கடிக்கும், யார் கை என்று அதற்குத் தெரியாது. வாளித் தண்ணீரை முகத்தில் ஊற்றுங்கள். முடியவில்லை என்றால் இரண்டு சொந்தக்காரர்களும் ஒரே நேரத்தில் தத்தம் நாயின் பின்னங்கால் இரண்டையும் தூக்கிப் பின்னால் இழுக்க வேண்டும். மனிதரைக் கடித்துவிட்டால், தெரிந்த வீட்டு நாயாகவே இருந்தாலும், சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு அரசு மருத்துவமனை. மஞ்சள், சுண்ணாம்பு, காபித்தூள் வேண்டாம். தெருநாய் கடித்த வீட்டு நாய்க்கும் தொடர் ஊசி உண்டு. வருடாந்திர ஊசி போட்டிருந்தாலும் அன்றைக்கே காட்டுங்கள்.

நேரம் பற்றி நீட்ட வேண்டியதில்லை. சித்திரை, வைகாசியில் சேலம் 40 டிகிரியைத் தொடும் ஊர். காலை 7 மணிக்குள் முடியுங்கள், மாலையில் இருட்டிய பிறகு போங்கள். புறங்கையைத் தார் ரோட்டில் 7 விநாடி வைக்க முடியவில்லை என்றால் அந்த ரோட்டில் நாய் நடக்க முடியாது. நாயின் உடல் வெப்பம் சாதாரணமாக 101, 102 பாரன்ஹீட். 105ஐத் தாண்டினால் உயிர்ப் பிரச்சினை. பக், ஷிட்சு போன்ற சப்பை மூக்கு நாய்கள் அந்த இடத்துக்கு வெகு சீக்கிரம் போய்விடும். நாக்கு கருஞ்சிவப்பாகி, எச்சில் கெட்டியாகி, கால் தள்ளாடினால் நிழலில் போட்டு, உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி, விசிறிக்கொண்டே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

ஹாஸ்டலும் டே கேரும்

இனி டே கேர். வளர்ந்த நாய் ஒரு நாளில் 12 முதல் 14 மணி நேரம் தூங்கும் பிராணி. அதை ஒரு தகரக் கொட்டகைக்குள் 15 நாய்களோடு காலை 9 முதல் மாலை 6 வரை வைத்தால் தூங்காது. குரைக்கும், ஓடும், பயப்படும், மறுபடி குரைக்கும். மாலையில் வீட்டுக்கு வந்ததும் மூலையில் விழும். "அடிச்சுப் போட்ட மாதிரி தூங்குதுங்க, அவ்வளவு சந்தோசமா ஆடியிருக்கு" என்பார்கள். ஆடிய களைப்பும் உண்டு, பதற்றத்தில் வந்த களைப்பும் உண்டு. தூங்கும் நாயைப் பார்த்து எது என்று சொல்ல முடியாது. மறுநாள் காலையில் அந்த கேட்டின் முன்னால் பாருங்கள். இழுத்துக்கொண்டு உள்ளே போனால் சரி. வண்டியை விட்டு இறங்கவே மறுத்தால், பணம் கட்டியாகிவிட்டதே என்று தள்ளாதீர்கள். தொண்டை கட்டிப்போவது, தினமும் இளகிப்போவது, வீட்டில் திடீரென்று உறுமுவது இவையும் அதே செய்திதான்.

ஒத்துவரும் நாய்க்கும் தினமும் வேண்டாம். வாரத்துக்கு ஒரு நாள், மிஞ்சினால் இரண்டு நாள் என்பது என் கணக்கு.

என் சொந்த அனுபவத்தைச் சொல்கிறேன். ஊர் பேரும் கடைப் பேரும் வேண்டாம். உறவில் ஒரு கல்யாணம். எங்கள் ஜிம்மியை 3 நாள் ஒரு ஹாஸ்டலில் விட்டுப் போனோம். வாசலில் பூச்செடி, உள்ளே ஏசி, சுவரில் அழகாக வரைந்த நாய்ப் படங்கள். நான் படங்களைப் பார்த்தேன், சுவரைப் பார்க்கவில்லை. திரும்பி வந்து 15 நாள் கழித்துச் சாப்பிட மறுத்தது, ஈறு வெளுத்தது, காய்ச்சல். ரத்தம் எடுத்துப் பார்த்தால் உண்ணிக் காய்ச்சல். கல்யாணத்துக்கு எழுதிய மொய்யைவிட மருந்துச் செலவு அதிகம்.

உண்ணி நாயின் மேல் மட்டும் இருப்பதில்லை. ரத்தம் குடித்துப் பருத்த பெண் உண்ணி கீழே இறங்கி, சுவரில் ஏறி, விரிசலுக்குள் ஆயிரக்கணக்கில் முட்டை இடும். நாய்க்கு எவ்வளவு மருந்து போட்டாலும் சுவர் விரிசல் நிரம்பி இருந்தால் பயனில்லை. அதனால் ஹாஸ்டல் பார்க்கப் போனால் செல்போன் டார்ச்சை அடித்துக் கூண்டின் மூலையையும், கதவுச் சட்டத்தையும், கூரை சேரும் இடத்தையும் பாருங்கள். நடத்துபவருக்கு அது மரியாதைக் குறைவாகப் பட்டால் வேறு இடம் பாருங்கள்.

அடுத்தது ஊசி புத்தகம். உங்கள் புத்தகத்தை வாங்கித் தேதி பார்க்காமல் நாயைச் சேர்த்துக்கொள்பவர், உள்ளே இருக்கும் எந்த நாயின் புத்தகத்தையும் பார்த்திருக்க மாட்டார். வெறிநோய் ஊசி, பார்வோவும் எலிக்காய்ச்சலும் அடங்கிய கூட்டு ஊசி, இரண்டும் நடப்பில் இருக்க வேண்டும். சேர்ப்பதற்கு 2 வாரம் முன்பே போட்டுவிடுவது நல்லது. பல நாய் சேரும் இடத்தில் பரவும் இருமலுக்குத் தனி மருந்து உண்டு, மருத்துவரிடம் கேளுங்கள். தொண்டையில் எலும்பு சிக்கியது போல நாய் இருமினால் பெரும்பாலும் அதுதான்.

ஃபினாயில் வாசனையைச் சுத்தத்தின் அடையாளமாக நினைப்பது நம் பழக்கம். பார்வோவை ஃபினாயிலை நம்பி ஒழிக்க முடியாது, பிளீச்சிங் கரைசல்தான் வேண்டும். தரையை எதில் கழுவுகிறீர்கள் என்று கேளுங்கள். ஈரம் தேங்கி, தீவனம் சிந்தி, எலி ஓடும் இடமாக இருந்தால் எலிக்காய்ச்சலுக்கு அழைப்பு. அது நாயிடம் இருந்து நமக்கும் வரும்.

ஆள் கணக்கைக் கேளுங்கள். ஒருவர் கண்ணுக்குள் எட்டு, பத்து நாய்க்கு மேல் நிற்காது. இரவில் யாராவது தங்குகிறார்களா? "கேமரா இருக்குதுங்க" என்பது பதில் இல்லை. கேமரா சண்டையை விலக்காது. மின்சாரம் போனால் மதியம் தகரக் கூரைக்குக் கீழே என்ன ஏற்பாடு? நுழைவாயிலில் இரட்டைக் கேட் உண்டா? ஒரு கேட் மட்டும் இருந்தால், திறக்கும்போது சந்து பார்த்து ஓடும் நாய் நேராக பைபாஸில்தான் நிற்கும். சின்ன நாய்க்குத் தனி இடம், நோய் வந்ததற்குத் தனி அறை, எந்த மருத்துவரை அழைப்பார்கள், இவற்றையும் சேர்த்துக் கேட்டுவிடுங்கள்.

சாப்பாடு வீட்டில் போடுவதையே கொடுத்து அனுப்புங்கள். ராகிக் களியும் முட்டையும் தின்று வளர்ந்த நாய்க்கு ஒரே நாளில் பாக்கெட் தீனி போட்டால் வயிறு போகும். நீங்கள் படுத்த பழைய போர்வை ஒன்றையும் துவைக்காமல் கொடுங்கள். அந்த வாசனைதான் அதற்கு வீடு. முதல் தடவையே 5 நாள் விட்டுப் போகாதீர்கள். அரை நாள், ஒரு நாள், ஓர் இரவு என்று படிப்படியாக. திரும்பி வந்த பிறகு 3 வாரம் ஈறின் நிறத்தையும் பசியையும் பார்த்துக்கொண்டிருங்கள்.

தோட்டத்தில் விடலாமே என்பவர்களுக்கு

நம் பக்கத்தில் இன்னொரு வழக்கம் உண்டு. "எதுக்குக் காசு குடுத்துக்கிட்டு, மாமன் தோட்டத்துல உட்டா ஓடியாடிட்டுக் கெடக்கும்." கேட்க நன்றாக இருக்கிறது. கைப்பிடிச் சுவர் இல்லாத கிணறுகளை நினைத்துப் பாருங்கள். டவுனில் வளர்ந்த நாய்க்குக் கிணறு என்றால் என்ன என்று தெரியாது. வரப்பில் எலிக்கு வைத்த மருந்து, பயிருக்கு அடித்த மருந்து, கட்டுவிரியன். அதோடு நாமக்கல் வட்டாரத்தில் கொஞ்ச தூரம் ஓடினால் ஒரு கோழிப்பண்ணை வந்துவிடும். வாழ்நாளில் கோழியைத் துரத்தாத நாயும் அங்கே துரத்தும். பண்ணைக்காரரோடு பகை உங்களுக்கு வேண்டாம், மாமனுக்கும் வேண்டாம். தோட்டத்தில் ஏற்கெனவே இருக்கும் காவல் நாய் புதியதை ஏற்குமா என்பது தனிக் கதை. தோட்டம் நல்ல இடம்தான், நீங்களும் கூடவே தங்கி, நீளக் கயிற்றில் விட்டால்.

என்னைக் கேட்டால் முதல் தேர்வு, பழகிய ஆள் உங்கள் வீட்டுக்கே வந்து பார்த்துக்கொள்வது. நாய்க்கு இடம் மாறாது, உண்ணி வராது. ஓய்வு பெற்ற பக்கத்து வீட்டு அண்ணனோ, கல்லூரி படிக்கும் தங்கச்சி மகனோ, காலையும் மாலையும் நடத்திக் கூட்டிப்போய், மதியம் ஒரு மணி நேரம் கூட உட்கார்ந்தால் போதும். அதற்கு உரிய பணத்தைக் கொடுங்கள். சும்மா பார்க்கச் சொன்னால் சும்மாதான் பார்ப்பார்கள். லத்துவாடியில் பார்த்த அந்த அம்மாவின் நாய் ஊளையிட்டது நாலு நாய் இல்லாததால் இல்லை. காலையில் யாரும் நடத்திக் கூட்டிப்போகவில்லை, நாள் முழுக்கக் கட்டிப் போட்டிருந்தார்கள். ஊசி போட்ட பிறகு டாக்டர் அவிழ்த்துப் பார்க்கச் சொன்னது அந்தச் சங்கிலியைத்தான்.

ஹாஸ்டல்தான் வழி என்றால், தீபாவளிக்கும் ஆடி மாத மாரியம்மன் பண்டிகைக்கும் ஒரு மாதம் முன்பே இடம் பார்த்துவிடுங்கள். கடைசி நாளில் கிடைப்பது யாரும் வேண்டாம் என்று விட்ட இடமாக இருக்கும். விட்ட முதல் நாள் மதியம் இரண்டரை மணிக்கு, போன் செய்யாமல் ஒரு முறை நேரில் போய் எட்டிப் பாருங்கள். உள்ளே விட மறுத்தால், நாயைக் கையோடு கூட்டி வந்துவிடுங்கள்.